பழைய காரை ஸ்கிராப் போட்டா 82,000 ரூபாய் மிச்சமா? புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



2025 தீபாவளி முடிஞ்ச அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில என் சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். ஆவடியில வீடு. அம்பத்தூர் எஸ்டேட்ல கார் பார்ட்ஸ் செய்யற ஒரு கம்பெனியில வேலை. வயசு 28. ஒரு கையில ஸ்வீட் பாக்ஸ், இன்னொரு கையில போன். போன்ல ஒரு புது காரோட போட்டோ.

"அக்கா, ரெண்டு நாள்ல புக் பண்ணணும். அப்பாவோட பழைய வண்டியை ஸ்கிராப் போட்டா கவர்மென்ட் சலுகை, கம்பெனி சலுகை எல்லாம் சேர்த்து 82,000 ரூபாய் கிடைக்குமாம். மாசக் கடைசி வரைக்கும்தான் ஆஃபர். நீ ஒரு தடவை கணக்கைப் பார்த்துச் சொல்லிடு."

கல்யாணம் ஆகி ஒரு வருஷம். மனைவிக்கு ஆறாவது மாசம். பழைய வண்டியில ஏசி வேலை செய்யல. சி.டி.எச். ரோடு டிராஃபிக்ல ரெண்டு தடவை நடுரோட்டுல நின்னு போச்சு. அதனால அவனுக்குக் கார் தேவைங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அவன் காட்டின காரோட எக்ஸ்-ஷோரூம் விலை 10,60,000. இன்ஷூரன்ஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் சேர்த்து 13 லட்சம் வருது. கையில இருக்கறது 2.5 லட்சம். மீதி 10.5 லட்சம் கடன், 7 வருஷம், 9.5% வட்டி. இஎம்ஐ சுமார் 17,150 ரூபாய்.

சம்பளம் கையில வர்றது 38,000. கடைசி ரெண்டு மாசமா ஓவர்டைம் சேர்த்து 47,000 வருது. அவன் இஎம்ஐ கணக்கு போட்டது இந்த 47,000-ஐ வெச்சு. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவோம்.

"முதல்ல எந்தக் கார் பார்க்கப் போன?"னு கேட்டேன். "9.8 லட்சம் வேரியண்ட். ஆனா சலுகை இவ்வளவு கிடைக்குதேன்னு மேல போயிட்டேன்"னு சொன்னான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

இந்த 82,000 எங்கே இருந்து வருது?

மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 13 அன்று வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கி வைத்தது. பழைய வண்டியை அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்தால் ஒரு டெபாசிட் சான்றிதழ் கொடுப்பார்கள். இது பேங்க்ல பணம் போடற டெபாசிட் இல்லை, வண்டியை ஒப்படைச்சதுக்கான சான்று. அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சில சலுகைகள் உண்டு. அவை நாலு வகை.

ஒன்று, ஸ்கிராப் விலை. வண்டியோட எடையைப் பொறுத்து மையம் கொடுக்கற பணம். சித்தப்பாவோட ஹேட்ச்பேக்குக்குச் சொன்ன விலை 18,000 ரூபாய்.

இரண்டு, கார் கம்பெனி தர்ற தள்ளுபடி. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியுடன் நடந்த கூட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான கார் நிறுவனங்கள் எக்ஸ்-ஷோரூம் விலையில் 1.5% அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தள்ளுபடியாகத் தர ஒப்புக்கொண்டன. கார்களுக்கு இது ஓராண்டுக்கு என்று அறிவிக்கப்பட்டது. அதற்கப்புறம் அந்தந்த கம்பெனி அந்தந்த மாசம் என்ன தருதோ அதுதான்.

மூன்று, ரோடு டாக்ஸ் சலுகை. 2021 அக்டோபரில் வந்த மத்திய விதிப்படி சொந்த உபயோக வண்டிக்கு 25% வரை, வாடகை மற்றும் சரக்கு வண்டிக்கு 15% வரை. அந்த "வரை" என்ற சொல்லைக் கவனிங்க. ரோடு டாக்ஸ் மாநில அரசு வசூலிக்கிற வரி. எவ்வளவு சலுகை, எந்த வண்டிக்கு என்பது மாநிலத்தோட அறிவிப்பைப் பொறுத்தது.

நான்கு, புது வண்டிக்கான பதிவுக் கட்டணம் 600 ரூபாய் கிடையாது.

இப்போ 10.6 லட்சம் காருக்குக் கூட்டிப் பார்ப்போம். ஸ்கிராப் விலை 18,000. கம்பெனி தள்ளுபடி 15,900. ரோடு டாக்ஸ் சலுகை முழுசா 25% கிடைத்தால் 47,700. பதிவுக் கட்டணம் 600. மொத்தம் 82,200 ரூபாய். ஷோரூம்ல சொன்ன கணக்கு இதுதான். பொய் இல்லை. ஆனா இதில் பாதிக்கு மேல், அந்த 47,700, ஷோரூம் கையில இருக்கற பணமே இல்லை.

"இதை கொட்டேஷன்ல எழுதிக் கொடுக்கச் சொல்லு"ன்னு அவனை அனுப்பினேன். சாயங்காலம் வாட்ஸ்அப்ல வந்த கொட்டேஷன்ல 15,900 மட்டும்தான் இருந்தது. டாக்ஸ் சலுகை பற்றிக் கேட்டதுக்கு, "அது ஆர்டிஓல போடும்போதுதான் சார் தெரியும்"னு பதில். எழுத்துல வராத சலுகையை உங்க பட்ஜெட்ல சேர்க்காதீங்க.

10 லட்சத்தைத் தாண்டினா என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான ஆயுட்கால வரி இப்படி: விலை 5 லட்சம் வரை 12%, அதற்கு மேல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, 20 லட்சத்துக்கு மேல் 20%.

இது இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரி கிடையாது. இன்கம் டாக்ஸ்ல கூடுதல் தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே கோட்டைத் தாண்டிட்டா மொத்த விலைக்கும் அந்த விகிதம்.

9,80,000 ரூபாய் காருக்கு 13%, அதாவது 1,27,400 ரூபாய்.
10,60,000 ரூபாய் காருக்கு 18%, அதாவது 1,90,800 ரூபாய்.

விலையில் வித்தியாசம் 80,000. வரியில் வித்தியாசம் 63,400. ஆக ஒரு வேரியண்ட் மேல போக 1,43,400 ரூபாய் கூடுதல் செலவு. இன்ஷூரன்ஸ் கூடுறதை நான் சேர்க்கவே இல்லை.

சரி, மேல போனதால சலுகை எவ்வளவு கூடுது? 9.8 லட்சம் காருக்கு எல்லாச் சலுகையும் முழுசா கிடைத்தால் 65,150 ரூபாய். 10.6 லட்சம் காருக்கு 82,200. வித்தியாசம் 17,050 தான். 17,050 ரூபாய் அதிகமா சலுகை வாங்கறதுக்காக 1,43,400 ரூபாய் அதிகமா செலவு பண்றோம். நிகரமா 1,26,350 கையை விட்டுப் போகுது. அதையும் 7 வருஷக் கடன்ல சேர்த்தா மாசம் சுமார் 2,065 ரூபாய். 84 மாசத்தில் சுமார் 1,73,500 ரூபாய்.

இன்னொண்ணு. 10 லட்சத்துக்கு மேல் விலை உள்ள வண்டிக்கு 1% டிசிஎஸ் பிடிப்பாங்க. 10.6 லட்சத்துக்கு 10,600 ரூபாய். இது செலவு இல்லை, ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது உங்க வரியில கழிச்சுக்கலாம் அல்லது ரீஃபண்டா வாங்கலாம். ஆனா வண்டி எடுக்கிற அன்னைக்குக் கையில இருந்து போற பணம். நிறைய பேர் இதைக் கேட்கவே மறந்துடறாங்க.

பழைய காருக்கு மூணு வழி

சித்தப்பாவோட வண்டி 2009 மாடல், டிஎன் 20 நம்பர். ஆவடி டேங்க் ஃபேக்டரியில வேலை பார்த்தப்போ பி.எஃப்.ல கடன் எடுத்து வாங்கினது. 2024-ல் 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்சி புதுப்பிச்சாச்சு. அதனால 2029 வரைக்கும் ஓடலாம்.

இங்கே ஒரு பயத்தை முதல்ல போக்கிடறேன். "15 வருஷம் ஆனா வண்டியைப் பறிமுதல் பண்ணிடுவாங்க"ன்னு நிறைய பேர் நம்பறாங்க. அது டெல்லியில் நீதிமன்ற உத்தரவால் வந்த பிரச்சினை. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி வயசுத் தடை இல்லை. எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, 5 வருஷத்துக்கு ஆர்சி புதுப்பிக்கலாம். ஆனா செலவு கூடியிருக்கு. காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷத்தைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிட்டாங்க. பழைய வண்டியை விட வைக்க அரசு ஒரு பக்கம் சலுகை காட்டுது, இன்னொரு பக்கம் கட்டணத்தைக் கூட்டுது.

அவனை மூணு இடத்துல விலை கேட்கச் சொன்னேன்.

நேரடியா விற்றால்: திருமுல்லைவாயல்ல ஒருத்தர், கார் ஓட்டிப் பழகற மகளுக்காகக் கேட்டார். 90,000 ரூபாய்.
ஷோரூம்ல எக்ஸ்சேஞ்ச்: வண்டிக்கு 60,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 15,000. மொத்தம் 75,000.
ஸ்கிராப்: 9.8 லட்சம் காருக்கு எல்லாமே கிடைத்தால் 65,150. டாக்ஸ் சலுகை கிடைக்கலைன்னா 33,300.

எக்ஸ்சேஞ்ச் போனஸும் ஸ்கிராப் தள்ளுபடியும் ரெண்டும் சேர்த்துக் கிடைக்காது. 2024 அறிவிப்பிலேயே அது தெளிவா இருக்கு. ஏதாவது ஒண்ணுதான்.

ஓடற நிலையில, ஆர்சி உயிரோட இருக்கற வண்டியைப் பொறுத்தவரை, சலுகையை எல்லாம் கூட்டினாலும் ஸ்கிராப் மூணாவது இடத்துலதான் நிக்குது. இது இவன் ஒருத்தன் கதை இல்லை. இந்தியாவில் இந்தத் திட்டம் ஏன் மெதுவாப் போகுதுன்னா, பெரிய காரணம் இதுதான். நம்ம ஊர்ல பழைய காருக்கு வாங்க ஆள் இருக்கு.

எண்ணிக்கையே சொல்லுது. 2025 செப்டம்பரில் நிதின் கட்கரி சொன்ன கணக்குப்படி, அந்த ஆகஸ்ட் வரை ஸ்கிராப் ஆன வண்டிகள் மொத்தம் சுமார் 3 லட்சம். அதிலும் 1.41 லட்சம் அரசு வண்டிகள். அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரலில் இருந்து 15 வருஷம் ஆனால் கட்டாயம் என்று விதி. ஒரு வருஷத்தில் இந்தியாவில் விற்கிற புது கார்கள், எஸ்யூவி, வேன் எல்லாம் சேர்த்து சுமார் 43 லட்சம். அந்த அளவுக்கு முன்னால், இத்தனை வருஷத்தில் ஸ்கிராப்புக்கு வந்த தனியார் வண்டிகள் சொற்பம். ஸ்கிராப் சலுகைதான் புது கார் விற்பனையைத் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சலுகை பெருசா இருந்தா விற்பனை கூடுமா?

கூடும். ஆனா எங்கே இருந்து கூடுதுன்னு பார்க்கணும்.

2009-ல் உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது அமெரிக்கா ஒரு திட்டம் கொண்டுவந்தது. மைலேஜ் குறைவான பழைய வண்டியைக் கொடுத்தால் புது வண்டிக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி. முதல்ல ஒதுக்கிய 100 கோடி டாலர் சில நாளிலேயே காலியாகும் நிலைக்கு வந்தது. இன்னும் 200 கோடி ஒதுக்கினாங்க. அதுவும் ஆகஸ்ட் 24-க்குள் முடிஞ்சுது. கிட்டத்தட்ட 6.8 லட்சம் கார்கள் அந்தத் திட்டத்தில் விற்றன.

பார்க்க அமோக வெற்றி. அப்புறம் ஆதிஃப் மியான், ஆமிர் சுஃபி என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கை ஆராய்ந்தாங்க. திட்டத்தால் உண்மையில் கூடுதலா விற்றது சுமார் 3.7 லட்சம் கார்தான், மற்றவங்க எப்படியும் வாங்கியிருப்பாங்க என்று தெரிஞ்சுது. அந்த 3.7 லட்சமும் அடுத்த சில மாசங்களில் வாங்க இருந்தவங்க முன்கூட்டியே வாங்கினது. 2010 மார்ச்சுக்குள் விற்பனை அந்த அளவுக்குக் குறைஞ்சு, கணக்கு கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துடுச்சு.

ஜெர்மனியும் அதே வருஷம் 9 வருஷத்துக்கு மேற்பட்ட காரைக் கொடுத்தால் 2,500 யூரோ கொடுத்தது. மொத்தம் 500 கோடி யூரோ, சுமார் 20 லட்சம் கார்கள். 2009-ல் ஜெர்மனியில் பதிவான புது கார்கள் 38 லட்சம். அடுத்த வருஷம் 29 லட்சம்.

சம்பளம் வர்றதுக்கு முன்னாடி அட்வான்ஸ் வாங்கினா எப்படியோ அப்படித்தான். இந்த மாசம் கையில பணம் அதிகம். அடுத்த மாசம் அந்த அளவுக்குக் குறையும். வருஷ வருமானம் மாறாது.

நம்ம ஊர்லயே 2025-ல் இதோட இன்னொரு பக்கத்தைப் பார்த்தோம். ஆகஸ்ட் 15 உரையில் பிரதமர் ஜிஎஸ்டி குறையும் என்று அறிவிச்சார். உடனே எல்லாரும் "குறைஞ்சதும் வாங்கலாம்"னு காத்திருந்தாங்க. அந்த ஆகஸ்டில் கம்பெனிகள் டீலர்களுக்கு அனுப்பிய கார்கள் முந்தைய ஆண்டைவிட கிட்டத்தட்ட 9% குறைவு. செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு வரி 18% ஆனதும் தள்ளிப் போட்டவங்க எல்லாம் ஒண்ணா வந்தாங்க. நவராத்திரி, தீபாவளி கூட்டமும் சேர்ந்தது. அக்டோபரில் டீலர்கள் விற்ற கார்கள் 5.5 லட்சத்துக்கு மேல்.

ஜிஎஸ்டி குறைப்பு நல்ல விஷயம்தான். தேதி போட்ட ஆஃபர் இல்லை, பழைய கார் இல்லாதவங்களுக்கும் கிடைக்குது. அதனால புதுசா கார் வாங்க வந்தவங்களும் இருக்காங்க. ஆனா அக்டோபர் மாசக் கூட்டத்துல ஒரு பகுதி ஆகஸ்ட், செப்டம்பர்ல வந்திருக்க வேண்டிய கூட்டம். அதை வெச்சு "இனி எப்பவும் இப்படித்தான்"னு கணக்கு போட முடியாது.

அம்பத்தூர்க்காரங்களுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம்

இப்போ அந்த 47,000 ரூபாய்க்குத் திரும்ப வருவோம்.

என் தம்பியோட ஓவர்டைம் ஏன் வந்தது? கார் விற்பனை கூடினதால. அவன் கம்பெனி செய்யற பார்ட்ஸ் போறது கார் தொழிற்சாலைகளுக்கு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உற்பத்தி கூடினா அம்பத்தூர் எஸ்டேட்ல ரெண்டாவது ஷிஃப்ட் ஓடும். குறைஞ்சா முதல்ல வெட்டறது ஓவர்டைம்.

இது சும்மா பயமுறுத்தறதுக்குச் சொல்லல. 2019 ஆகஸ்ட், செப்டம்பரை நினைச்சுப் பாருங்க. அப்போ வாகன விற்பனை பல காரணங்களால விழுந்தது. பாடியில் சுந்தரம் கிளேட்டன் வேலையில்லா நாட்கள் அறிவித்தது. செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் வேலை இல்லை என்று அறிவித்தது. பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா அவங்களுக்கு பார்ட்ஸ் கொடுக்கற சின்ன யூனிட்ல என்ன நடந்திருக்கும்னு இந்த ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும். நான் அப்போ ஒரு ஆடிட் வேலையா எஸ்டேட்டுக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தேன். சாயங்காலம் 6 மணிக்கே தெருவுல டீக்கடைகள் காலியா இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால நம்ம பக்கத்துல கார் கம்பெனி, பார்ட்ஸ் கம்பெனியில வேலை பார்க்கறவங்களுக்கு ஒரு விசேஷ ஆபத்து. சலுகை வரும்போது விற்பனை கூடும், ஓவர்டைம் வரும், கார் வாங்கற தைரியமும் வரும். மூணும் ஒரே நேரத்துல வரும். சலுகை முடிஞ்சு விற்பனை இறங்கினா ஓவர்டைம் போயிடும். இஎம்ஐ மட்டும் 84 மாசத்துக்கு அப்படியே நிக்கும்.

"டேய், 38,000-ல 17,150 போனா மிச்சம் 20,850. பெட்ரோல், வாடகை, டெலிவரி செலவு, குழந்தை வந்ததும் பால், டயப்பர். இதுல எப்படிடா ஓட்டுவ?"ன்னு கேட்டேன்.

அவன் பதில் சொல்லல. போன்ல இருந்த போட்டோவை மூடி வெச்சுட்டான்.

அப்போ யாருக்குத்தான் ஸ்கிராப் சரி?

சிலருக்கு நிச்சயமா சரி. வண்டி ஓடற நிலையில இல்லை. ஆர்சி காலாவதி ஆகிடுச்சு, புதுப்பிக்க எஞ்சின் வேலை, பாடி வேலைன்னு 40,000 செலவாகும். விபத்துல அடிபட்டுக் கிடக்கு. வீட்டு வாசல்ல மூணு வருஷமா கவர் போட்டு நிக்குது. இதுக்கெல்லாம் வெளியில நல்ல விலை வராது, அப்போ அங்கீகார மையம்தான் நல்ல வழி. புது கார் வாங்கற எண்ணமே இல்லைன்னாலும் சரி. டெபாசிட் சான்றிதழை அதற்கான ஆன்லைன் தளத்தில் இன்னொருத்தருக்கு விற்க வழி இருக்கு.

ஒரு எச்சரிக்கை. "எதுக்கு இவ்வளவு அலைச்சல், தெரிஞ்ச பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்"னு செய்யாதீங்க. ரெண்டாயிரம் மூவாயிரம் அதிகமாக் கூடக் கொடுப்பாங்க. ஆனா ஆர்சி உங்க பேர்லயே உயிரோட இருக்கும். அந்த நம்பர் பிளேட்டோ சேசிஸோ வேற ஏதாவது வண்டியில ஏறி ஒரு கேஸ் வந்தா, போலீஸ் தேடி வர்றது உங்க வீட்டுக்குத்தான். வண்டியை ஒப்படைச்சதும் டெபாசிட் சான்றிதழ், அழிச்சதும் அழிப்புச் சான்றிதழ், ரெண்டையும் வாங்கி வையுங்க. ஆர்சி ரத்தாகிடுச்சான்னு பரிவாகன் தளத்துல ஒரு தடவை பாருங்க.

நேரடியா விற்கறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. பணம் வாங்கறதோட வேலை முடியல. ஆர்சி பேர் மாறின பிறகுதான் முடியுது.

வரி பற்றி அடிக்கடி கேட்கறீங்க. சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காரை விற்றால் அதுக்கு கேப்பிட்டல் கெய்ன்ஸ் வரி கிடையாது. பழைய காருக்கு 18% ஜிஎஸ்டின்னு 2024 டிசம்பரில் வந்த செய்தியைப் பார்த்துப் பயந்தவங்களுக்கும் அதே பதில்தான். அது ஜிஎஸ்டி பதிவு உள்ளவங்க லாபத்துல கட்டறது. நீங்க உங்க காரை இன்னொரு தனிநபருக்கு விற்றால் அதுல ஜிஎஸ்டி இல்லை.

புக் பண்றதுக்கு முன்னாடி ஆறு கேள்வி

1. சலுகையே இல்லைன்னா இந்தக் காரை, இந்த வேரியண்ட்டை, இந்த வருஷம் வாங்கியிருப்பேனா? "இல்லை"ன்னா நிறுத்துங்க.

2. பழைய காருக்கு மூணு வழியிலும் விலை கேட்டாச்சா? நேரடி விற்பனை, எக்ஸ்சேஞ்ச், ஸ்கிராப். மூணையும் ஒரே தாள்ல எழுதுங்க.

3. கொட்டேஷன்ல ஒவ்வொரு சலுகையும் தனி வரியா எழுதியிருக்கா? ரோடு டாக்ஸ் சலுகையை உங்க ஆர்டிஓ அலுவலகத்துல நேரா கேட்டு உறுதி பண்ணுங்க. அது வரை பூஜ்யம்னு வெச்சு கணக்கு போடுங்க. கிடைச்சா சந்தோஷம்.

4. எக்ஸ்-ஷோரூம் விலை 5, 10, 20 லட்சம் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கா? இருந்தா ஒரு வேரியண்ட் கீழே இறங்கினா வரி எவ்வளவு குறையும்னு பாருங்க.

5. இஎம்ஐயை அடிப்படைச் சம்பளத்தோட ஒப்பிட்டீங்களா? ஓவர்டைம், இன்சென்டிவ், போனஸ் எதையும் சேர்க்காம கையில வர்ற சம்பளத்துல 20 முதல் 25%க்குள் இருக்கணும். அதுவும் 5 வருஷத்துக்குள் முடியணும். 7 வருஷம் போட்டாத்தான் இஎம்ஐ கட்டுப்படியாகுதுன்னா அந்தக் கார் உங்க பட்ஜெட்டுக்கு மேல.

6. "மாசக் கடைசி வரைக்கும்தான்"னு சொன்னா, அடுத்த மாசம் என்ன ஆஃபர்னு கேட்டுப் பாருங்க. விற்பனை மந்தமான மாசத்துல ஷோரூம் தானாவே போன் பண்ணும்.

கடைசியில என்ன ஆச்சு?

என் தம்பி அந்த மாசம் புக் பண்ணல. பழைய வண்டியைத் திருமுல்லைவாயல்காரருக்கே 90,000-க்குக் கொடுத்துட்டான். பேர் மாத்தறதுக்கு அவனே கூடப் போனான்.

நவம்பர் கடைசியில 6.2 லட்சம் எக்ஸ்-ஷோரூம்ல ஒரு சின்ன கார் எடுத்தான். ரோடு டாக்ஸ் 80,600. எல்லாம் சேர்த்து 7.4 லட்சத்துக்குள் முடிஞ்சுது. கையில இருந்த 2.5 லட்சம், பழைய வண்டிக்கு வந்த 90,000, கடன் 4 லட்சம், 5 வருஷம். இஎம்ஐ 8,400. சம்பளத்துல 22%. சன்ரூஃப் இல்லை, பெரிய ஸ்கிரீன் இல்லை. ஏசி நல்லா வேலை செய்யுது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஓவர்டைம் ஜனவரி வரைக்கும் வந்தது. அந்தப் பணத்தைத் தனியா எடுத்து வெச்சு டெலிவரி செலவைப் பார்த்துக்கிட்டான். பிப்ரவரியில பொங்கல் ஆர்டர் எல்லாம் முடிஞ்சு ஓவர்டைம் நின்னுது. போன் பண்ணி அதைச் சொன்னான். குரல்ல பதட்டம் இல்லை.

சித்தப்பாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். போன வாரம் ஆவடி ஸ்டேஷன் பக்கத்துல அந்த டிஎன் 20 வண்டியைப் பார்த்தாராம். ஒரு பொண்ணு மெதுவா ஓட்டிட்டுப் போச்சாம். "கியர் போடறப்போ கொஞ்சம் சத்தம் வருது. மத்தபடி நல்லாத்தான் ஓடுது"ன்னு சொன்னார்.

உங்க வீட்டுப் பழைய காருக்கும் இந்த மூணு விலைக் கணக்கைப் போட்டுப் பாருங்க. எந்த வழி அதிகம் வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டறேன்.